நடுவயதுப் பெண்களுக்குச் சுலபமான ஜப்பானியக் கரோக்கே பாடல்கள்: பல வருஷம் பாடிப் பார்த்ததில் நின்றவை

ஜப்பானில் பார்ட் டைம் வேலைக்குப் போகும் நம் பெண்களுக்கு டிசம்பர் வந்தால் ஒரு கவலை வந்துவிடும். வருஷக் கடைசி விருந்து முடிந்ததும் கூட்டம் கரோக்கேவுக்கு, அதாவது வாத்திய இசை ஓட, திரையில் வரும் வரிகளைப் பார்த்து நாமே மைக்கில் பாடும் இடத்துக்கு, கிளம்பும். மைக் சுற்றிச் சுற்றி நம் கைக்கும் வரும். என்ன பாடுவது? நான் டோக்கியோவில் எடோகவா பக்கம் இருக்கிறேன், வயது ஐம்பதை நெருங்குகிறது. கூட்டத்தோடும் பாடுவேன், வாரநாள் பகலில் அறை மலிவாகக் கிடைக்கும்போது தனியாகவும் போவேன். இத்தனை வருஷத்தில் என் பட்டியலில் நின்றது கொஞ்சம், உதிர்ந்தது நிறைய.

மெதுவான பாட்டு என்றால் சுலபம் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மிசோரா ஹிபாரியின் 'கவா நோ நகாரே நோ யோனி' (1989) மெதுவான பாட்டுதான். தொடக்கம் பேசுவது போலத் தாழ்வாகப் போகும், நமக்கும் தைரியம் வரும். உச்சப் பகுதிக்கு வந்ததும் குரலை நிமிர்த்தி, நீளமாக இழுத்து, அசையாமல் பிடிக்க வேண்டும். அங்கேதான் மூச்சு தீர்ந்துபோகும். வேகப் பாட்டில் வாய் தடுமாறும், மெதுப் பாட்டில் மூச்சு தடுமாறும். ஆகவே நான் முதலில் பார்ப்பது அந்தப் பாட்டு எவ்வளவு உயரம் போகிறது, எங்கே மூச்சு வாங்க இடம் விடுகிறது என்பதைத்தான்.

அப்படிப் பார்த்தால் முதலிடம் யமகுச்சி மோமோஎவுக்கு. 1980இல், 21 வயதில், டோக்கியோவின் புடோகான் அரங்க மேடையில் மைக்கைத் தரையில் வைத்துவிட்டுப் போனவர், திரும்பப் பாட வரவே இல்லை. அந்த வயதுக்கு நம்ப முடியாத கனமான, தாழ்ந்த குரல். 'ஈ ஹி தபிதாச்சி' (1978) அப்போதைய தேசிய ரயில்வேயின் விளம்பரப் பாடல். ஜேஆர் மேற்கு ரயில்வே அதன் மெட்டைப் பல வருஷம் ஷின்கான்சென் அதிவேக ரயிலில் அறிவிப்பு இசையாக வைத்திருந்தது. அதனால் மெட்டு பலருக்கு ஏற்கெனவே காதில் இருக்கும். வரிகளுக்கு நடுவே தாராளமாக இடைவெளி உண்டு, எழுத்துகள் திரையில் நிறம் மாறி ஓடுவதை நிதானமாகப் பின்தொடரலாம். 'கான்ஜி' என்னும் சீன வழி எழுத்துகளின் தலைமேல், உச்சரிப்பைக் காட்டும் ஹிரகனா எழுத்துகளைச் சின்னதாகப் போட்டிருப்பார்கள் என்பதால் ஹிரகனா மட்டும் தெரிந்தாலே போதும்.

அடுத்தது தெரசா டெங். தைவானில் பிறந்தவர், ஜப்பானிய மொழி அவருக்கும் கற்றுக்கொண்ட மொழிதான். அதனாலோ என்னவோ ஒவ்வொரு அசையும் தெளிவாக விழும், நாமும் கேட்டுக் கேட்டுப் பழகலாம். 'சுகுனாய்' (1984), 'தோகி நோ நாகாரே நி மி ஓ மகாசே' (1986) இரண்டும் என் நிரந்தரப் பட்டியலில் உண்டு. சோகப் பாட்டு பிடிக்கும் என்றால் முன்னது, கூட்டமும் சேர்ந்து முணுமுணுக்க வேண்டும் என்றால் பின்னது.

இப்போது கீ விஷயம், அதாவது பாட்டின் சுருதி. நாற்பதுகளின் கடைசியில், மாதவிடாய் நிற்கும் காலத்தில், குரல் கொஞ்சம் இறங்குவது இயல்புதான். பாட்டுத் தேடும் டேப்லெட்டிலேயே கீயைக் கூட்டவும் குறைக்கவும் பட்டன் இருக்கிறது. ஆனாலும் மூலக் கீயிலேயே பாடுவேன் என்று கழுத்து நரம்பு புடைக்க நிற்பவர்கள் உண்டு. நமக்கு இதில் என்ன கௌரவப் பிரச்சினை? ஐந்து கட்டைக்காரி நாலரைக்கு இறங்கிப் பாடினால் சபாவில் யாராவது எழுந்து போவார்களா? அந்தப் பட்டனில் மைனஸ் ஒன்று என்பது அந்த அரைக் கட்டைதான். மட்சுதா செய்கோவின் 'அகாய் ஸ்வீட் பீ' (1982) ஐம்பதுகளில் இருக்கும் ஜப்பானியப் பெண்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த பாட்டு. மூலக் கீயில் எனக்கு எட்டவே எட்டாது. மைனஸ் மூன்றில் சுகமாகப் பாடுகிறேன், அறையே கூடச் சேர்ந்து பாடுகிறது.

சின்ன வயதில் கர்நாடக சங்கீதம் கற்றவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. மதிப்பெண் வசதியைப் போட்டால் திரையின் மேலே ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கோடு வரும், அந்தக் கோட்டில் நம் குரல் உட்கார வேண்டும். நாமோ கையைத் தட்டிப் பழகியவர்கள், காந்தாரத்தை அசைக்காமல் விட மாட்டோம். நான் 'நகோரி யுகி' பாடும்போது பார்த்திருக்கிறேன்: கோடு நேராக நிற்கும், என் குரல் அதற்குக் கீழிருந்து ஏறி, மேலே தொட்டு, திரும்ப வந்து உட்காரும். கீழிருந்து இழுத்து ஏறுவதை இயந்திரம் 'ஷாகுரி' என்று தனியாக எண்ணி வைத்துக்கொள்ளும், சுரத்துக்கான மதிப்பெண் மட்டும் இறங்கிவிடும். சுரத்தைத் தட்டையாக, பள்ளிக்கூடப் பிரார்த்தனை மாதிரி பாடிப் பாருங்கள், எண் மளமளவென்று ஏறும். கேட்க நன்றாக இருக்கிறதா என்றால், எனக்கு இல்லை. தனியாகப் போகும்போது பயிற்சிக்காக அதைப் போடுவேன், கூட்டத்தில் அணைத்துவிடுவேன். பக்கத்தில் இருப்பவருக்கு நம்மைவிடக் குறைவாக வந்தால் அந்தச் சங்கடம் வேறு. ஒரு ஆறுதல், ஒரு ஸ்தாயி கீழே பாடினாலும் சுரம் சரியாக இருந்தால் இயந்திரம் ஏற்றுக்கொள்ளும்.

'நகோரி யுகி' என்றேனே, அது இருகா பாடி 1975இல் வெளிவந்தது. ரயில் நிலையம், வசந்தத்தில் பெய்யும் பனி, பிரிவு. சுர வீச்சு குறைவு, புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நல்லது. அதே வருஷத்து 'ஸோத்சுக்யோ ஷாஷின்', அராய் யுமி எழுதியது, அதுவும் அப்படித்தான். இருவராகப் பாட ஆசை என்றால் ஓதா ஹிரோமியின் 'மொமென் நோ ஹான்காச்சீஃபு' இருக்கிறது. ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பேசும் பாட்டு, நீளம் அதிகம் என்பதால் பங்கு போட்டுக்கொள்வது உடம்புக்கும் நல்லது.

நகாஜிமா மியுகியின் 'இதோ' அருமையான பாட்டு, சுலபமும்கூட. ஆனால் எனக்கு முன்னால் யாராவது அதைப் போட்டிருப்பார்கள். ஒருவரின் ஆஸ்தானப் பாட்டைப் பிடுங்கிப் பாடுவது அங்கே அவ்வளவு நாகரிகம் இல்லை, கையில் மாற்று ஒன்று வேண்டும். என் மாற்று நட்சுகாவா ரிமி பாடிய 'நாதா ஸோஸோ'. இறந்துபோன அண்ணனை நினைத்து மொரியாமா ரியோகோ எழுதிய வரிகள், 'பிகின்' குழுவின் ஒகினாவா மெட்டு. சுலபம்தான், கண் கலங்காமல் முடிப்பதுதான் கஷ்டம்.

வயதுக்கு ஏற்ற பாட்டு என்று ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால் தகேயுச்சி மரியாவின் 'ஜின்செய் நோ தோபிரா' (2007). ஐம்பதைத் தாண்டியபின் அவர் எழுதியது. இருபதில் தொடங்கித் தொண்ணூறு வரை ஒவ்வொரு பத்து வருஷத்தையும் பற்றி இடையிடையே ஆங்கில வரிகள் வரும். திரையைப் படிக்கத் திணறும் நமக்கு அது மூச்சு விடும் இடம். குரலும் தாழ்வு. இதைப் பாடினால் மேஜையின் அந்தப் பக்கம் கைபேசி பார்த்துக்கொண்டிருப்பவரும் நிமிர்வார்.

'என்கா' என்னும் ஜப்பானின் பழைய பாணி உருக்கப் பாட்டுகளை மட்டும் கஷ்டம் என்று சொல்லி ஒதுக்கிவிடாதீர்கள். 'கோபுஷி' என்று அவர்கள் குரலை உருட்டுவது நம் பிருகாவுக்குத் தூரத்துச் சொந்தம். மதிப்பெண் கோட்டில் நாம் இழந்ததை இங்கே மீட்கலாம். இஷிகாவா சாயுரியின் 'த்ஸுகாரு காய்க்யோ ஃபுயுகெஷிகி' (1977) இப்போது பழகிக்கொண்டிருக்கிறேன், மைனஸ் இரண்டில். எக்கோவைப் பாதியாகக் குறைத்துவிட்டுப் பாடுங்கள், இல்லையென்றால் உருட்டல் எதுவும் காதில் விழாது. பாட்டு முடிந்து வாத்தியம் மட்டும் ஓடும்போது நிறுத்தும் பட்டனை அழுத்திவிடலாம், அடுத்தவர் காத்திருப்பார்.