டெல்லி குளிர்காலப் புகைக்குத் துணி மாஸ்க்கா, என்95-ஆ?

தீபாவளி முடிந்ததும் மயூர் விஹார் பகுதி நம்மவர்களிடம் இதே கேள்விதான். என்95 என்றால் நுண்துகளையும் வடிகட்டும், முகத்தோடு ஒட்டி நிற்கும் மாஸ்க்.

வடிகட்டுதல்: பெரிய தூசிக்குத் துணியே போதும், மிச்சத்தை மூக்கு முடியும் சளியும் பிடித்துவிடும். 2.5 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய துகள்தான் வில்லன். மூச்சுக்குழாயைத் தாண்டி, நுரையீரலின் காற்றுப்பைவரை போய் உட்காரும். துணி அதை அவ்வளவாகத் தடுக்காது. என்95, 0.3 மைக்ரான் துகளிலும் 95 சதவீதத்தைப் பிடிக்கும், ஓரத்தில் கசியாமல் போட்டால். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிறதா? மேலே கசிகிறது, மாஸ்க்கின் மூக்குக் கம்பியை அழுத்துங்கள். தாடிக்காரர்கள் பாடு கஷ்டம்தான்.

செலவு: துணியைத் துவைத்துத் துவைத்துப் போடலாம். என்95-ஐச் சோப்பில் நனைத்தால் துகளை இழுத்துப் பிடிக்கும் அதன் மின்னூட்டம் போய்விடும், அப்புறம் பேருக்குத்தான் மாஸ்க்.

வசதி: துணிதான். என்95-உடன் மெட்ரோ படி ஏறினாலே மூச்சு வாங்கும்.

வாசல் பெருக்க, ஒட்டடை அடிக்கத் துணி. காலைப் புகைமூட்டத்தில் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கு என்95. ஆஸ்துமா இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.