லெவலா, எக்ஸெல்லா? இரண்டிலும் பிள்ளையை விட்டுப் பார்த்த ஒரு அம்மாவின் கணக்கு

மகளுக்கு ஏழு வயதானபோது அவள் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகும் ஜிம்மிலிருந்து மின்னஞ்சல் வந்தது. போட்டிக்குப் போகும் டீமுக்கு எடுத்திருக்கிறார்களாம். லெவல் 3-இல் சேர்க்கிறீர்களா, எக்ஸெல் சில்வரிலா என்று ஒரு வாரத்துக்குள் சொல்ல வேண்டும். ஹூஸ்டன் புறநகரில் எங்கள் வட்டாரத்தில் பரதநாட்டிய வகுப்பைப் பற்றிக் கேட்டால் பத்துப் பேர் யோசனை சொல்வார்கள். இதற்கு ஒருத்தரும் இல்லை. பெயர் பெரிதாகத் தெரிந்ததால் லெவலில் சேர்த்தோம். இரண்டு வருடம் கழித்து எக்ஸெல்லுக்கு மாறினோம். இப்போது அவளுக்கு பதினொன்று.

இரண்டையும் நடத்துவது யு.எஸ்.ஏ. ஜிம்னாஸ்டிக்ஸ் என்ற தேசிய அமைப்புதான். லெவல் 1 முதல் 10 வரை போகும் வழிக்கு டெவலப்மென்ட் புரோகிராம் என்று பெயர். முன்பு ஜூனியர் ஒலிம்பிக் என்றிருந்தது. பழைய பெற்றோர் இன்னும் ஜே.ஓ. என்றுதான் சொல்கிறார்கள். லெவல் 5 வரை கம்பல்சரி, அதாவது அந்தந்த லெவலில் நாடு முழுக்க எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே ரொட்டீன் (செய்துகாட்டும் அசைவுகளின் வரிசை), ஃப்ளோருக்கு, அதாவது தரையில் செய்வதற்கு, ஒரே இசை. ஒரு மீட்டில், அதாவது போட்டியில், அதை நாற்பது தடவை கேட்டுவிட்டு வந்தால் ராத்திரி பாத்திரம் கழுவும்போதும் காதில் ஓடும். 6-இலிருந்து சொந்த ரொட்டீன்.

எக்ஸெல்லில் பிரான்ஸ், சில்வர், கோல்டு, பிளாட்டினம், டயமண்ட், சஃபையர் என்று படிகள். இன்னின்ன வகை அசைவு இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் விதி. எதைப் போடுவது என்பதைப் பிள்ளைக்கு வருவதைப் பார்த்து கோச் அமைப்பார்.

கேட்க சின்ன வித்தியாசம்தான். அது எங்கே கடிக்கும் என்பதற்கு கிப் என்ற அசைவு ஒன்று போதும். கம்பியில் தொங்கியபடி முன்னால் வீசி, கால்விரலைக் கம்பிக்குக் கொண்டுவந்து, அந்த வேகத்திலேயே மேலேறி இடுப்பைக் கம்பியில் ஊன்ற வேண்டும். லெவல் 4-இல் அது இல்லாமல் முடியாது. என் மகளுக்கு அது வர பதினான்கு மாதம் ஆனது. அதுவரை மற்ற மூன்று கருவிகளில் (வால்ட், பீம், ஃப்ளோர்) எவ்வளவு நன்றாகச் செய்தாலும் நின்ற இடத்தில்தான் நிற்க வேண்டும். உள்ளங்கைத் தோல் உரிந்து உரிந்து வந்தது. வீடியோ காலில் பார்த்த என் அம்மா, "இதுக்கா காசு கட்டுறீங்க?" என்றார். எக்ஸெல் கோல்டில் கிப் இல்லாமலேயே பார்ஸ் (கம்பி) ரொட்டீன் அமைக்கலாம். அது வரும்போது வரட்டும் என்று மற்றவற்றில் முன்னேறலாம்.

ஆனால் கம்பல்சரியைக் குறை சொல்ல மாட்டேன். முழங்கால் லேசாக மடங்கினால்கூட மதிப்பெண் வெட்டு விழுவதால் அடிப்படை சுத்தமாக வரும். லெவல் பிள்ளை ஒருத்தி கைகளை உயர்த்தி நிற்பதைப் பார்த்தாலே தெரியும். கல்லூரி அணிக்குப் போக ஆசை என்றாலும் லெவல் 10 வழிதான். எக்ஸெல்லிலிருந்து அங்கே போவது அபூர்வம். அதற்காக ஸ்காலர்ஷிப் கணக்குப் போட்டு ஃபீஸ் கட்டாதீர்கள். கல்லூரி விளையாட்டின் மேல்தட்டான டிவிஷன் ஒன்னில் அணிகள் மொத்தமே அறுபது சொச்சம். லெவல் 10 வரை கட்டிய பணத்தை வங்கியில் போட்டிருந்தால் கல்லூரிக் கட்டணத்தில் பெரும்பகுதி சேர்ந்திருக்கும் என்று என் கணவர் சொல்வார். எக்ஸெல்லில் எல்லாச் செலவும் குறையும் என்று நினைத்தால் அதுவும் இல்லை, லியோவில் (போட்டி உடை) கல் பதிக்காமல் விட மாட்டார்கள். பயிற்சி நேரம் குறைவதால் மாதாந்திர ஃபீஸ் பாதியானது, அவ்வளவுதான்.

எங்களுக்கு லெவல் 4-இல் வாரம் 12 மணி நேரம், எக்ஸெல்லில் 6. ஒன்பது வயதில் 20 மணி நேரம் கேட்கும் ஜிம்களும் உண்டு. கேட்டால் எல்லாரும் இழுப்பது ஒலிம்பிக் வீராங்கனை சிமோன் பைல்ஸ் பெயரைத்தான். அவர் பள்ளியை விட்டு வீட்டில் படிக்கத் தொடங்கி 32 மணி நேரத்துக்கு மாறியது 2012-இல், 15 வயதுவாக்கில். அதற்கு முன் அவருக்கே சுமார் 20 மணி நேரம்தான். பாரிஸ் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வாங்கியபோது வயது 27. சர்வதேச சீனியர் போட்டிக்கே அந்த ஆண்டுக்குள் 16 வயதாக வேண்டும். பிறகு ஒன்பது வயதில் என்ன அவசரம்? வளரும் எலும்பு முனைகளுக்கு அந்த அவசரம் ஒத்துவராது. குதிகால் வலி, மணிக்கட்டு வலி என்று சொல்லாத பிள்ளை அந்த மாதிரி ஜிம்களில் குறைவு.

இதெல்லாம் சொன்னாலும், நாங்கள் மாறியதற்குக் காரணம் லெவல் இல்லை, கோச்.

பீம் என்கிற நீளக் கட்டை 10 சென்டிமீட்டர் அகலம், தரையிலிருந்து 125 சென்டிமீட்டர் உயரம். அதன்மேல் பின்பக்கமாக வளைந்து கை ஊன்றிக் காலை எடுக்கும் பேக் வாக்ஓவர் பழக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் என் மகள் உறைந்து நின்றுவிட்டாள். கோச் கையைக் கட்டிக்கொண்டு, "இவள் செய்யும்வரை யாரும் தண்ணீர் குடிக்கப் போகக் கூடாது" என்றார். மற்ற ஏழு பிள்ளைகளும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் செய்தாள், விழவும் இல்லை. அடுத்த மூன்று வாரம், பயிற்சி நாளில் காலையிலேயே வயிற்றுவலி.

இப்போதைய கோச்சிடமும் அதே இடத்தில் நின்றாள். அவர் ஒன்றும் பேசாமல் பாய்களை இழுத்துவந்து பீமின் மட்டத்துக்கு இருபக்கமும் அடுக்கினார். வாரத்துக்கு ஒரு பாயாக எடுத்தார். ஐந்து வாரம் ஆனது. மெதுவான வழிதான்.

எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் போனால் ஹன்ட்ஸ்வில். தேசிய அணி பயிற்சி எடுத்த, கரோலி என்ற பயிற்சியாளர் தம்பதியின் பண்ணை அங்கேதான் இருந்தது. பெற்றோருக்கு உள்ளே இடமில்லை. சிகிச்சை என்ற பெயரில் பாலியல் கொடுமை செய்த அணி மருத்துவர் லாரி நாசர் வழக்கில் 2018 ஜனவரியில் 150-க்கும் மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் பேசினார்கள். அதில் என்னைத் தூங்கவிடாத விஷயம், சிலருக்கு அது அம்மா அதே அறையில் இருந்தபோதே நடந்தது என்பது. அதனால் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பதோடு என் வேலை முடிந்தது என்று நினைப்பதில்லை. பெரியவர் ஒருவர் பிள்ளையோடு தனியே இருந்தால், மற்றவர் கண்ணில் படும்படியும் குறுக்கே போகக்கூடியபடியும் இருக்க வேண்டும் என்று இப்போது விதி இருக்கிறது. எந்த ஜிம் என்றாலும் அதை எப்படி நடத்துகிறீர்கள் என்று கேளுங்கள். எக்ஸெல் என்பதால் கோச் தங்கமானவராக இருப்பார் என்றோ, லெவல் என்றாலே கத்துவார் என்றோ இல்லை.

என் பங்கும் உண்டு. ஒவ்வொரு மீட்டிலும் நான்கு ஸ்கோரையும் போனில் குறித்து, போனமுறையோடு ஒப்பிட்டு, வரும் வழியெல்லாம் காரில் பேசுவேன். ஒருநாள் அவள், "அம்மா, நீ இன்னொரு ஜட்ஜா?" என்றாள். இப்போது காரில் சாப்பாட்டுப் பேச்சு மட்டும்தான். (ஸ்கோரை இன்னும் குறிக்கிறேன். அவளுக்குத் தெரியாது.)

யாராவது கேட்டால் ஏழெட்டு வயதுக்கு எக்ஸெல்லைத்தான் சொல்வேன். வீட்டு சோபாவிலும் சுவரிலும் தலைகீழாக நின்றுகொண்டு, இன்னும் வேண்டும் என்று பிள்ளையே உங்களை இழுத்தால் லெவலில் விடலாம். ஆனால் பாயை அடுக்குகிற கோச் எந்தப் பக்கம் இருக்கிறாரோ அந்தப் பக்கம் போங்கள். எங்கள் பக்கத்து ஜிம்களில் டீம் தேர்வு மே, ஜூனில் நடக்கும். மார்ச்சிலேயே போய் இரண்டு மூன்று நாள் பயிற்சி முழுக்க உட்கார்ந்து பாருங்கள். உட்காரவே விடாத ஜிம் என்றால் மூன்றாவது நாள் தேவையில்லை.