டைன் ஆற்றுக்குத் தெற்கே குடியிருந்தால்: நியூகாசிலா, சண்டர்லாந்தா?

இங்கிலாந்தின் வடகிழக்கு மூலைக்கு வேலை மாறி வரும் குடும்பங்களில், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன கொஞ்ச நாளிலேயே ஒரு கேள்வி வீட்டுக்கு வந்துவிடும்: "நாம எந்த டீம்?" கால்பந்து டீமைத்தான் கேட்கிறார்கள். சட்டையில் கறுப்பு வெள்ளைக் கோடு என்றால் நியூகாசில் யுனைடெட். சிவப்பு வெள்ளைக் கோடு என்றால் சண்டர்லாந்து. இரண்டு ஊருக்கும் நடுவே ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான். ஆனால் ஒன்றை எடுத்தால் மற்றதை விட்டுவிட வேண்டும். இரண்டு பக்கமும் கைதட்டுகிற ஆளை இங்கே யாரும் நம்புவதில்லை.

நாங்கள் இருப்பது வாஷிங்டனில். அமெரிக்கத் தலைநகரின் பெயருக்கு மூலமே இந்த ஊர்தான். ஜார்ஜ் வாஷிங்டனின் முன்னோர்கள் இங்கிருந்து பெயர் எடுத்துக்கொண்டவர்கள். இரண்டு அணிகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஊர் என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். அஞ்சல் குறியீடு நியூகாசிலுடையது. கவுன்சில் வரி, அதாவது உள்ளாட்சி வரி, சண்டர்லாந்துக்குப் போகிறது. படிவத்தில் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) என்ற கட்டத்தில் 'டைன் அண்ட் வியர்' என்று நிரப்புகிறோம். பக்கத்து வீட்டுப் பெரியவரைக் கேட்டால் டர்ஹம் கவுண்டி என்பார். ஒரே வகுப்பில் இரண்டு சட்டைகளும் இருக்கும். நாங்கள் எடுத்தது சண்டர்லாந்து. அந்தச் சாய்வோடுதான் எழுதுகிறேன்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்தவற்றை வேகமாக முடித்துவிடலாம். லீக் பட்டங்கள் சண்டர்லாந்துக்கு 6, நியூகாசிலுக்கு 4. தோற்றால் வெளியேறும் போட்டியான எஃப்.ஏ. கோப்பை நியூகாசிலுக்கு 6, சண்டர்லாந்துக்கு 2. இதில் பெரும்பாலானவை தாத்தா காலத்துச் சங்கதி. அண்மைக் காலம் என்றால் நியூகாசில் பக்கம்தான் கனம். 2021-இல் சவூதி அரசின் முதலீட்டு நிதி அணியை வாங்கியது. 2025 மார்ச்சில் லிவர்பூலை 2-1 என்று வென்று லீக் கோப்பையை (லீக் பட்டம் வேறு, இதுவும் தோற்றால் வெளியேறும் போட்டி) எடுத்தார்கள். 1955-க்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்த முதல் உள்நாட்டுப் பெரிய கோப்பை அது. முதல் கோலை அடித்த டான் பர்ன், நார்தம்பர்லாந்தின் பிளைத் ஊர்க்காரர். அந்த வாரம் நியூகாசில் தெருக்களில் இருந்த மகிழ்ச்சியைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. பணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அவர்களில் பலருக்கே உறுத்தலாக இருக்கிறது என்பதும் உண்மை.

மைதானம்? செயின்ட் ஜேம்ஸ் பார்க் ஊரின் நடு நெஞ்சில் இருக்கிறது, 52,000 பேர் உட்காரலாம். ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம். அந்த அழகு சண்டர்லாந்தின் 49,000 இருக்கை ஸ்டேடியம் ஆஃப் லைட்டுக்கு இல்லை. ஆனால் நியூகாசிலில் டிக்கெட்டுக்கு உறுப்பினராகச் சேர்ந்து குலுக்கலில் பெயர் வர வேண்டும். சண்டர்லாந்து கீழ்ப் பிரிவுகளில் இருந்தபோது குடும்பத்தோடு போய் உட்காருவது எளிதாக இருந்தது. 2025-இல் பிரீமியர் லீகுக்கு ஏறிய பிறகு இங்கேயும் நெரிசல்தான். டிக்கெட்டை வைத்து முடிவெடுக்கிறவர்கள் அந்தந்த ஆண்டின் நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு முடிவைத் தீர்த்து வைத்தது இவை எதுவும் இல்லை. கவுண்டிதான்.

1974 ஏப்ரல் 1 வரை கணக்கு எளிது. டைன் ஆற்றுக்கு வடக்கே நார்தம்பர்லாந்து, தெற்கே டர்ஹம். நியூகாசில் வடகரை. கேட்ஸ்ஹெட், சவுத் ஷீல்ட்ஸ், வாஷிங்டன், சண்டர்லாந்து எல்லாம் டர்ஹம். அன்றைக்கு அமலுக்கு வந்த உள்ளாட்சிச் சட்டம் இரண்டு கவுண்டிகளிலிருந்தும் பிய்த்தெடுத்து டைன் அண்ட் வியர் என்று ஒன்றை உண்டாக்கியது. நியூகாசிலும் சண்டர்லாந்தும் ஒரே கவுண்டி! அதற்கென்று இருந்த கவுன்சில் 12 ஆண்டுகள்தான் தாங்கியது, 1986-இல் கலைத்துவிட்டார்கள். பெயர் மட்டும் படிவங்களில் நிற்கிறது.

அந்த ஏற்பாடு சண்டர்லாந்துக்காரர்கள் மனதில் ஏன் ஒட்டவில்லை என்பதற்கு மெட்ரோ ரயிலைச் சொன்னால் போதும். டைன் அண்ட் வியர் மெட்ரோ 1980-இல் ஓடத் தொடங்கியது. அது சண்டர்லாந்துக்கு வந்து சேர்ந்தது 2002-இல். பெயரில் சண்டர்லாந்தின் வியர் ஆறு இருந்தது, அங்கே தண்டவாளம் இல்லை. வாஷிங்டனுக்கு இன்னும் நிலையமே கிடையாது. எந்த மைதானத்துக்குப் போனாலும் பஸ் அல்லது கார்தான். நாங்கள் காசு கட்டுகிறோம், எல்லாம் நியூகாசிலுக்குப் போகிறது என்ற பேச்சை டீக்கடை மாதிரி எந்தப் பப்பிலும் கேட்கலாம்.

இன்னொன்று. 2016-இல் மத்திய அரசிடமிருந்து வடகிழக்குக்கு அதிகாரப் பகிர்வு பேசினார்கள். டர்ஹம், சண்டர்லாந்து, கேட்ஸ்ஹெட், சவுத் டைன்சைடு கவுன்சில்கள் நான்கும் வேண்டாம் என்று விலகின. கடைசியில் 2018-இல் ஆற்றுக்கு வடக்கே இருந்த மூன்று கவுன்சில்கள் மட்டும் சேர்ந்து தனி அமைப்பு வைத்துக்கொண்டன. 2024-இல்தான் எல்லோருக்கும் ஒரே மேயர் என்றானது. அழித்துவிட்டதாக நினைத்த கோடு 44 ஆண்டு கழித்து அதே ஆற்றின்மேல் வந்து நின்றது என்றால், அது வெறும் பழைய நினைப்பு இல்லை.

கால்பந்து அந்தக் கோட்டை ஒருநாளும் அழிக்கவில்லை. கால்பந்துக்கான கவுண்டிச் சங்கங்கள் இன்றும் பழைய எல்லையில்தான் இருக்கின்றன: வடகரைக்கு நார்தம்பர்லாந்து, தென்கரைக்கு டர்ஹம். எங்கள் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை ஆடுகிற சின்னக் குழு பதிவாகியிருப்பது டர்ஹம் சங்கத்தில். கிரிக்கெட்டும் அப்படித்தான். 1992-இல் முதல்தர அந்தஸ்து பெற்ற டர்ஹம் அணிதான் எங்கள் அணி, அவர்களின் மைதானம் பக்கத்து ஊரான செஸ்டர்-லி-ஸ்ட்ரீட்டில். ஆக, பிள்ளை மட்டை எடுத்தாலும் பந்தை உதைத்தாலும் டர்ஹம். சட்டை மட்டும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்தது என்றால் எனக்கு அது பொருந்தவில்லை.

இரண்டு அணிகளின் சின்னத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நியூகாசிலின் சின்னம் நகர முத்திரையிலிருந்து வந்தது: கடல்குதிரைகள், கோட்டை. அது ஒரு நகரத்தின் அணி, அதைப் பெருமையோடு சொல்கிறது. சண்டர்லாந்தின் சின்னத்தில் வியர்மவுத் பாலம் இருக்கிறது. அதோடு உச்சியில் சுரங்கச் சக்கரம், இன்னொரு பக்கம் பென்ஷா நினைவுச்சின்னம். கிரேக்கக் கோயில் மாதிரித் தூண்களோடு குன்றின்மேல் நிற்கும் அது 1844-இல் டர்ஹம் பிரபுவின் நினைவாகக் கட்டத் தொடங்கியது. நகர எல்லைக்கு வெளியே இருக்கிற ஆதரவாளர்களுக்காகவே அதைச் சேர்த்தார்கள். வாஷிங்டனிலிருந்து பார்த்தால் அது வியர் ஆற்றுக்கு அப்பால் தெரியும். எங்களைப் போன்றவர்களுக்குச் சின்னத்திலேயே இடம் கொடுத்த அணி இது.

சுரங்கச் சக்கரம் அலங்காரத்துக்கு இல்லை. 1997-இல் திறந்த மைதானம் நிற்பதே மங்க்வியர்மவுத் நிலக்கரிச் சுரங்கத்தின் மேல். டர்ஹம் நிலக்கரி வயலில் கடைசியாக மூடிய சுரங்கம் அது, 1993 டிசம்பரில். கப்பல் கட்டும் தளங்கள் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே போய்விட்டன. மைதானத்துக்கு வெளியே சுரங்கத் தொழிலாளர் விளக்கு ஒன்று பெரிதாக வைத்திருக்கிறார்கள். சுரங்கமும் கப்பலும் போன பிறகு ஈசிங்டன், சீஹம், ஹோட்டன், வாஷிங்டன் ஊர்களைச் சேர்த்துக் கட்டுவதற்கு என்ன மிச்சம் இருந்தது? நியூகாசிலுக்கு இந்தக் கேள்வி இல்லை. அங்கே பல்கலைக்கழகங்கள், கடைவீதி, பாலங்கள், இரவு வாழ்க்கை என்று நகரம் தன் காலிலேயே நிற்கும். அணி தோற்றாலும் நகரம் நகரம்தான். இங்கே சனிக்கிழமை மதியம் அணிதான் ஊர்களை ஒன்றாகக் கூட்டுகிறது. மூன்றாம் பிரிவுக்கு விழுந்த சீசனில், 2018 கிறிஸ்துமஸுக்கு மறுநாள், பிராட்ஃபோர்டுக்கு எதிரான ஆட்டத்துக்கு 46,000-க்கு மேற்பட்டோர் வந்தார்கள். மூன்றாம் பிரிவு ஆட்டத்துக்கு! எனக்கு அந்த எண் எந்தக் கோப்பையையும்விடப் பெரியது.

சரி, கவுண்டிக் கோடு அவ்வளவு சுத்தமாகப் பிரிக்கிறதா? இல்லை. கேட்ஸ்ஹெட் பழைய டர்ஹம்தான், ஆனால் பாலத்தைக் கடந்தால் நியூகாசில். அங்கே கறுப்பு வெள்ளைதான் இயல்பு. கான்செட் இன்றும் டர்ஹம் கவுண்டியில் இருக்கிறது, அங்கும் நியூகாசில் பக்கம் சாய்வு அதிகம். நியூகாசிலின் மிகப் பிரியமான மேலாளர் பாபி ராப்சன் டர்ஹம் சுரங்கக் கிராமமான சாக்ரிஸ்டனில் பிறந்தவர். சுரங்கத் தொழிலாளியான அப்பா அவரைச் சிறுவனாக பஸ்ஸில் செயின்ட் ஜேம்ஸ் பார்க்குக்குக் கூட்டிப்போனார். எதிர்த்திசையிலும் உண்டு. 1973-இல் லீட்ஸை 1-0 என்று வென்று சண்டர்லாந்துக்கு எஃப்.ஏ. கோப்பை வாங்கித் தந்த மேலாளர் பாப் ஸ்டோக்கோ, 1955-இல் நியூகாசில் வீரராக அதே கோப்பையை வென்றவர். அப்பாவின் அணி, பஸ் போகிற வழி, இவை கோட்டைவிடப் பலமானவை. எங்களைப் போலப் புதிதாக வந்தவர்களுக்கு அப்பாவின் அணி என்று ஒன்று கிடையாது. அதனால்தான் கவுண்டி எங்களுக்கு அவ்வளவு கனமாகப் பட்டது.

டெர்பி நாளைப் பற்றி, அதாவது இந்த இரண்டு அணிகளும் மோதும் நாளைப் பற்றி, நான் நிறையச் சொல்ல முடியாது. பல ஆண்டுகள் இரண்டும் வெவ்வேறு பிரிவுகளில் இருந்ததால் நேரில் அனுபவம் குறைவு. பேச்சில் மட்டும் எந்த ஆண்டும் குறைவில்லை. 1908-இல் செயின்ட் ஜேம்ஸ் பார்க்கிலேயே சண்டர்லாந்து 9-1 என்று வென்றதை நேற்று நடந்ததுபோல இந்தப் பக்கம் சொல்வார்கள். அந்த சீசன் பட்டம் நியூகாசிலுக்குத்தான் போனது என்பதை அந்தப் பக்கம் சொல்வார்கள். நியூகாசிலில் சீசன் டிக்கெட் வைத்திருக்கும் குடும்ப வாழ்க்கை எப்படி என்பதும் எனக்கு நண்பர்கள் சொல்லித்தான் தெரியும்.

ஆகவே கேட்ஸ்ஹெட்டில் வீடு எடுத்தவர்கள் தயங்காமல் நியூகாசிலுக்குப் போகலாம்; தெருவே உங்களை அழைத்துப் போய்விடும். வாஷிங்டன், ஹோட்டன், சீஹம் என்றால் சிவப்பு வெள்ளைச் சட்டையை வாங்குங்கள். செஸ்டர்-லி-ஸ்ட்ரீட் உண்மையிலேயே பாதிக்குப் பாதி. அங்கே பிள்ளையின் நெருங்கிய நண்பர்கள் என்ன போடுகிறார்கள் என்று பார்த்து முடிவெடுப்பதுதான் நல்லது. அப்புறம், ஹார்ட்டில்பூல் பக்கம் போகிறவர்களுக்கு அந்த ஊரின் சொந்த அணியே இருக்கிறது. பழைய டர்ஹம் என்று அவர்களைச் சண்டர்லாந்துக்கு இழுக்க நான் வரமாட்டேன்.