ஜெயிக்க என்ன தெரிய வேண்டும்? குழந்தைகளுக்கான பியானோ விளையாட்டுகள்: ஓர் ஒப்பீடு

சின்னப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லித்தர விளையாட்டுக்குப் பஞ்சமே இல்லை. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று வரும்போது நான் ஒரே கேள்விதான் கேட்பேன்: இதில் ஜெயிக்கக் குழந்தைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? சிரிப்பும் கூச்சலும் எல்லா விளையாட்டிலும் வரும். ஆனால் சிலவற்றில் இசை ஒரு துளியும் தெரியாமலே ஜெயித்துவிடலாம்.

கலர் ஸ்டிக்கரும் கறுப்புக் கட்டையும்

வெள்ளைக் கட்டைகளில் கலர் ஸ்டிக்கர் ஒட்டி, அதே கலரில் நோட் (ஸ்வரக் குறி) போட்ட தாளை முன்னால் வைத்தால் பத்தே நிமிடத்தில் குழந்தை ஒரு மெட்டை வாசித்துவிடும். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். நானும் கொஞ்ச காலம் இதைச் செய்தவன்தான். ஆறு வயதுப் பெண் ஒருத்தி மூன்று மாதம் இப்படி ஜோராக வாசித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் ஸ்டிக்கர் இல்லாத இன்னொரு பியானோவில் உட்காரவைத்தேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். "இதுல சிவப்பு எங்க சார்?" என்றாள். மூன்று மாதமும் அவள் பழகியது கலர் பொருத்துகிற வேலை. தப்பு அவளுடையது இல்லை, ஒட்டிவிட்டவன் நான்.

இதற்குப் போட்டி, கறுப்புக் கட்டைகளைப் பிடித்துக்கொண்டு போகிற வழி. முழு அளவுப் பியானோவில் 88 கட்டைகள்: வெள்ளை 52, கறுப்பு 36. கறுப்பெல்லாம் இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று கூட்டம் கூட்டமாக நிற்கும். இடது கோடியில் மட்டும் ஒன்று கூட்டத்தில் சேராமல் தனியாக நிற்கும். "தனியா நிக்கிறவன் எங்கே?" என்பதே முதல் விளையாட்டு. அடுத்து, இரண்டு கறுப்புள்ள கூட்டத்தின் நடுவில் ஒளிந்திருக்கும் 'டி' என்கிற வெள்ளைக் கட்டை. மொத்தம் ஏழு 'டி' இருக்கின்றன. மூச்சுப் பிடித்துக்கொண்டு ஏழையும் தொட வேண்டும். 'டி' பிடிபட்டால் அதற்கு இடப்பக்கம் 'சி', வலப்பக்கம் 'ஈ'. மற்றதெல்லாம் அதிலிருந்து வந்துவிடும்.

பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது கண்ணை மூடி ஆடுவது. விரல் கறுப்பின் மேட்டைத் தடவி, இரண்டா மூன்றா என்று பார்த்து, நடுப்பள்ளத்தில் இறங்கி 'டி'யை அழுத்தும். ஸ்டிக்கரை வைத்துக்கொண்டு இதை ஆடவே முடியாது. பின்னால் தாளில் கண்ணை வைத்துக்கொண்டு வாசிக்கும்போது கைக்கு வேண்டியதும் இதே தடவல்தான். நான்கு வயதுக் குழந்தைக்கு ஸ்டிக்கர் வேண்டும் என்றே தோன்றினால் ஒன்று போதும்: பியானோவின் நடுவில் இருக்கும் 'சி'யான மிடில் சி-யில், சில வாரங்களுக்கு மட்டும்.

தரையில் ஐந்து கோடா, கையில் அட்டையா?

இசைத் தாளில் நோட் எழுதுகிற ஐந்து கோட்டைப் போலத் தரையில் டேப் ஒட்டி ஐந்து கோடு போட்டு, சொல்கிற நோட்டில் குதிக்கச் சொல்வது ஒன்று. நோட் வரைந்த அட்டையைக் காட்டிப் பெயர் கேட்பது இன்னொன்று. உட்கார முடியாத பிள்ளைக்குத் தரைதான் சரி. கோட்டின்மேல் நிற்பதும் இடைவெளியில் நிற்பதும் வேறு வேறு என்பது காலுக்கே தெரிந்துவிடும். கோட்டிலிருந்து அடுத்த இடைவெளிக்குப் போனால் ஸ்டெப், கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குத் தாவினால் ஸ்கிப். இதைத் தரை அளவுக்கு வேறெதுவும் புரியவைப்பதில்லை. ஆனால் வாசிக்கிற வேகம் அதிலிருந்து வராது. அதற்கு அட்டைதான்.

அட்டையிலும் ஒரு வலை இருக்கிறது. கோடுகளின் பெயருக்கு ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்யவைத்தால் குழந்தை ஒவ்வொரு தடவையும் அடிக்கோட்டிலிருந்து எண்ணி ஏறும். அதைவிட மூன்று அடையாள நோட்டுகளைக் கொடுத்துவிடலாம்: மிடில் சி, ட்ரெபிள் கிளெஃப் (மேல் ஸ்வரங்களுக்குக் கோட்டின் தொடக்கத்தில் போடும் குறி) சுற்றிக்கொள்கிற இரண்டாவது கோட்டின் 'ஜி', பேஸ் கிளெஃபின் (கீழ் ஸ்வரங்களுக்கான குறி) இரண்டு புள்ளிக்கு நடுவில் போகிற நான்காவது கோட்டின் 'எஃப்'. அந்தக் குறிகளே பழைய ஜி, எஃப் எழுத்துகள் வளைந்து நெளிந்து உருமாறியவைதான். இதைச் சொன்னால் பிள்ளைகள் உடனே தாளில் அந்த எழுத்தைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். பெயரை வாயால் சொன்னால் பாயின்ட் கிடையாது, கட்டையை அழுத்தினால்தான் என்று விதி வையுங்கள்.

அப்புறம், தாளில் "மேலே" என்பது பியானோவில் "வலது". பெரியவர்களுக்கு இது உறைப்பதே இல்லை, குழந்தை திணறும். அட்டையைக் கால் வட்டம் வலப்பக்கமாகத் திருப்பிக் கட்டைகளுக்கு மேலே பிடித்துக் காட்டினேன். கோடுகள் நட்டமாக நின்றன. தாளின் தலை வலது பக்கம் போய்விட்டது. "ஓ, சாஞ்சு படுத்திருக்கு!" என்றான் ஒருவன். அன்றைக்கு அதற்குமேல் நான் எதுவும் விளக்கவில்லை.

ஒன்று-இரண்டா, டா-டிடியா, குறில்-நெடிலா?

தாளத்துக்கு எண் சொல்லிக்கொடுப்பது பழைய வழி. ஹாஃப் நோட் (இரண்டு பீட், அதாவது இரண்டு தாள அடி நீளம்) வந்தால் "ஒன்று, இரண்டு" என்று எண்ண வேண்டும். எண்ணும்போதே குழந்தை இரண்டு முறை தட்டிவிடும். வாய் இரண்டு சொல்கிறதே, கை எப்படிச் சும்மா இருக்கும்? ஹங்கேரியின் ஜோல்டான் கோடாய் (1882–1967) பெயரால் பரவிய முறையில் குவார்ட்டர் நோட்டுக்கு (ஒரு பீட்) "டா", இரண்டு எயித் நோட்டுக்கு (ஒவ்வொன்றும் அரை பீட்) "டி-டி". ஓர் ஒலிக்கு ஒரு தட்டு என்பதால் அந்தக் குழப்பம் இல்லை.

தமிழ் பேசுகிற பிள்ளைக்கு இன்னும் பக்கத்தில் ஒரு வழி உண்டு. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. இலக்கணத்தில் மாத்திரைக்கு அளவே கண் இமைப்பதும் கை நொடிப்பதும்தான். குவார்ட்டர் நோட் குறில், ஹாஃப் நோட் நெடில் என்று வைத்துக்கொண்டால் "மழை வா" என்பது குவார்ட்டர், குவார்ட்டர், ஹாஃப்; நான்கு பீட் சரியாக வந்துவிடும். "தாமரை" என்றால் ஹாஃப் முதலில், பிறகு இரண்டு குவார்ட்டர். (சொல்லின் கடைசியில் வரும் 'ஐ' குறுகி ஒரு மாத்திரையாகத்தான் ஒலிக்கும்.) "நிலா" மூன்று பீட். "நிலா, நிலா, நிலா" என்று சொல்லிக்கொண்டே நடந்தால் மூன்று பீட் நடை தானாக வரும். நெடிலுக்கு ஒரே தட்டு. தட்டிய கையைப் பிரிக்காமல் இன்னொரு மாத்திரை வைத்திருக்க வேண்டும். சொற்களைப் பார்த்து எடுங்கள். "பாடு" என்று ஆரம்பித்தால் குற்றியலுகரத்துக்கு அரை மாத்திரைதானே என்று யாராவது பிடித்துக்கொள்வார்கள்.

எயித் நோட்டுக்கு வரும்போது எனக்கு டி-டிதான் கைகொடுக்கிறது. எண்ணும் வீண் இல்லை: இரண்டு பேர் சேர்ந்து வாசிக்கும்போது "மூன்றாவது பீட்டில் நுழை" என்று சொல்ல வேறு வழி கிடையாது. ஆனால் அது கடைசியில் வரட்டும்.

ஒளித்து வைப்பதும் ஆப்பும்

ஒரு பொம்மையை ஒளித்துவைத்து, தேடுகிறவர் கிட்டே போகப்போகப் பலமாகவும் விலக விலக மெதுவாகவும் வாசிக்கும் விளையாட்டுக்கு என் ஓட்டு. தேடுகிற பிள்ளைக்குக் காது கூர்மையாகும். வாசிக்கிற பிள்ளைக்கு விரலின் பலம் அடங்கும். 1700 வாக்கில் இத்தாலியில் கிறிஸ்டோஃபோரி செய்த முதல் பியானோவுக்குப் பெயர் வந்ததே இந்த மெதுவையும் பலத்தையும் வைத்துத்தான். எப்படி அழுத்தினாலும் ஒரே சத்தம் வருகிற கீபோர்டில் மட்டும் இது பலிக்காது. டேப்லெட்டில் கண்ணாடியைத் தட்டும் ஆப்பில் தப்பு சரி உடனே தெரிகிறது, ஆனால் விரலுக்கு ஒரு வேலையும் இல்லை. உண்மைப் பியானோவின் ஒலியை மைக்கில் கேட்டுச் சொல்கிற வகை என்றால் பரவாயில்லை.

கடைசியாகப் பகடை. விழுந்த எண்ணுக்கு ஏற்ப இன்டர்வல் (இரண்டு ஸ்வரத்துக்கு இடையே உள்ள தூரம்) வாசிக்க வேண்டும். கட்டம் போட்ட பலகையில் காய் நகர்த்துவதும் இதுவும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் கணக்கு வேறு. பலகையில் நின்ற கட்டத்தை எண்ண மாட்டோம். இசையில் நின்ற கட்டைதான் ஒன்று. 'சி'யில் நின்று மூன்று விழுந்தால் சி, டி, ஈ. போய்ச் சேர்வது 'ஈ'. பலகையில் ஆடிப் பழகிய பிள்ளை 'எஃப்'பில் போய் நிற்கும். அதனால் பலகையை மடக்கி வைத்துவிட்டு நேரே கட்டைகளின்மேலேயே விரலைக் காயாக வைத்து ஆடுகிறோம். "அப்போ ஒண்ணு விழுந்தா?" என்று கேட்டான் ஒரு பையன். நின்ற கட்டையையே இன்னொரு தடவை அடி, அதற்குப் பெயர் யூனிசன் என்றேன். அன்றையிலிருந்து ஒன்று விழ வேண்டும் என்று பகடையை ஊதி ஊதிப் போடுகிறான்.