‘ஃப்ரீ டவுன்லோட்’ ரெக்கவரி மென்பொருள்கள்: எதுவரை இலவசம்?

மெமரி கார்டில் இருந்த கல்யாணப் படங்கள் அழிந்துவிட்டன. பதறிப்போய்த் தேடினால் முதலில் வருவது விளம்பரம்: “இலவச டவுன்லோட்! அழிந்த படங்களை மீட்கலாம்!” இரண்டும் தனித்தனியே பொய்யில்லை, சேர்த்து வைத்ததில்தான் ஏமாற்று. டவுன்லோட் இலவசம், ஸ்கேனும் இலவசம். ‘ரெக்கவர்’ பொத்தானை அழுத்தியதும் பணம் கேட்கும். ‘இலவசம்’ என்ற சொல் எந்த வேலையோடு ஒட்டி நிற்கிறது என்று பாருங்கள். ‘மீட்பது இலவசம்’ என்று அநேகமாக எங்கும் இருக்காது.

‘இலவசப் பதிப்பு’ என்றால் பெரும்பாலும் அளவு வரம்பு உண்டு. 500 எம்பி என்றால், படத்துக்கு 5 எம்பி வீதம் 100 படம். அரை மணி நேர வீடியோ ஒன்றுகூடத் தேறாது. விலைப் பக்கத்தின் ஒப்பீட்டு அட்டவணையில்தான் இந்த வரம்பு தெரியும்.

ஸ்கேன் முடிவில் ஆயிரக்கணக்கான ஃபைல்கள் வரிசை கட்டினாலும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். ஃபைலின் பெயரும் அளவும் தனி அட்டவணையில் மிஞ்சியிருப்பதால் பட்டியலில் வந்துவிடும். உள்ளடக்கம் இருந்த இடத்தில் வேறு தரவு ஏறியிருக்கலாம். எஸ்எஸ்டியில் (சிப்பில் சேமிக்கும் டிரைவ்), அழித்த ஃபைலின் இடத்தைக் காலி செய்யும் டிரிம் வசதி இயங்கினால் அழித்த சிறிது நேரத்திலேயே உள்ளே ஒன்றும் இருக்காது. பிரிவியூவில் படம் முழுதாகத் திறந்தால் மட்டுமே அது மீளும்.

‘இலவச ஸ்கேன்’ என்ற தூண்டிலுக்கு வழக்கே உண்டு. அமெரிக்கக் கடைத் தொடரான ஆபிஸ் டிப்போவும், அதற்கு மென்பொருள் கொடுத்த சப்போர்ட்.காம் நிறுவனமும் நடத்திய இலவசக் கம்ப்யூட்டர் சோதனையில், தொடக்கத்தில் கேட்கும் நான்கு கேள்விகளில் ஒன்றை டிக் செய்தாலே, ஸ்கேனில் எதுவும் சிக்காவிட்டாலும் மால்வேர் (தீங்கு செய்யும் மென்பொருள்) அறிகுறி இருப்பதாகக் காட்டினார்கள் என்பது நுகர்வோர் நலனைக் காக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனின் குற்றச்சாட்டு. 2019-இல் ஆபிஸ் டிப்போ 2.5 கோடி டாலரும் சப்போர்ட்.காம் 1 கோடி டாலரும் கட்டிச் சமரசம் செய்துகொண்டன.

உண்மையிலேயே இலவசம் வேண்டுமானால் ஃபோட்டோரெக். டெஸ்ட்டிஸ்க் என்ற இன்னொரு மீட்பு மென்பொருளின் தொகுப்போடு வரும், ஜிபிஎல் உரிமம் (யாரும் தாராளமாகப் பயன்படுத்தலாம்), அளவு வரம்பு கிடையாது. ஜிப்பை விரித்தால் போதும், இன்ஸ்டால் வேண்டாம். அதிலுள்ள கியூஃபோட்டோரெக்கை (மவுஸால் இயக்கும் ஃபோட்டோரெக்) திறந்து கார்டைத் தேர்ந்தெடுங்கள். ஃபைல் சிஸ்டம் என்ற இடத்தில் ஃபேட் (FAT, மெமரி கார்டுகளில் வழக்கமான வகை) உள்ள வரியைத் தேர்ந்தெடுங்கள். ஃபார்மட் ஆன கார்டு என்றால், முழுவதையும் தேடும் ‘ஹோல்’ (Whole) தேர்வு. மீட்டதை வேறு டிரைவில் சேமியுங்கள்.

குறையும் உண்டு. பழைய ஃபைல் பெயர்கள் வராது. எஃப் எழுத்தும் எண்களுமாக வரும். படத்துக்குள் பதிவான தேதியை வைத்து வரிசைப்படுத்திக்கொள்ளலாம். துண்டு துண்டாகப் பதிவான பெரிய வீடியோக்கள் பாதியில் நின்றுவிடும்.

எந்த மென்பொருளானாலும், ஃபைல் தொலைந்த அதே டிரைவில் டவுன்லோட் செய்யாதீர்கள். சி டிரைவில் தொலைத்துவிட்டு, ‘உடனே டவுன்லோட்’ என்றதும் சி டிரைவிலேயே இறக்கினால், மீட்க வேண்டிய ஃபைலின் மேலேயே அந்த மென்பொருள் எழுதப்பட்டுவிடலாம். கம்ப்யூட்டரை அணைத்து, டிரைவைக் கழற்றி, வேறு கம்ப்யூட்டரில் மாட்டி ஸ்கேன் செய்யுங்கள்.