ஜீவனாம்சமும் வீட்டுப் பங்கும்: ஒரு குடும்பநல வழக்கறிஞர் அலுவலகத்தில் எனக்குக் கிடைத்த சேவை

முதுகுத்தண்டில் அடிபட்டு ஆறு ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியில் இருக்கும் கணவரைப் பிரிகிறவளை ஊர் என்ன பேசும் என்பது தெரிந்தேதான் இந்த அலுவலகத்துக்குப் போனேன். நீதிமன்றத்துக்கு எதிர்த்தெருவில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருக்கிறது. முதல் சந்திப்புக்கு 1,000 ரூபாய் வாங்கினார்கள். வழக்கறிஞர் ஒன்றேகால் மணி நேரம் பேசினார்.

உடல் ஊனம் இந்து திருமணச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் விவாகரத்துக்கான காரணமாகச் சொல்லப்படவில்லை, ஆகவே அதைக் குற்றம்போல மனுவில் ஒரு வரிகூட எழுத மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். நாங்கள் இரண்டாண்டுகளாகத் தனித்தனியே வாழ்வதாலும் இருவருக்கும் பிரிவதில் சம்மதம் என்பதாலும் 13பி பிரிவின்படி கூட்டு மனு போதும் என்றார்.

ஜீவனாம்சம் என்றால் கணவன் மனைவிக்குத் தருவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவுக்குப் பதிலாக வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவில் கணவன் கேட்க முடியாது என்பது உண்மையே. ஆனால் திருமணச் சட்டத்தின் 24, 25ஆம் பிரிவுகள் இருவருக்கும் பொதுவானவை என்பதால், சம்பளம் வாங்கும் ஆசிரியையான நான் வருமானமில்லாத கணவருக்குத் தர வேண்டியிருக்கும் என்பதை வழக்கறிஞர் மழுப்பாமல் சொன்னார். ரஜ்னேஷ் எதிர் நேகா வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் வகுத்த சொத்து, வருமான விவரப் பிரமாணப் பத்திரத்தை எடுத்துவைத்துக்கொண்டு, ஊனத்தால் தொடர்ந்து ஆகும் செலவையும் அந்தத் தீர்ப்பு கணக்கில் எடுக்கச் சொல்கிறது என்று விளக்கிவிட்டு, “மாதத்துக்கு எத்தனை சிறுநீர்க் குழாய் மாற்றுகிறார்கள்?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஒரு காலத்தில் நானே மாற்றிவிட்டவள். அங்கேயே அத்தைக்குப் போன் செய்து கேட்டுத்தான் அந்தக் கட்டத்தை நிரப்பினேன். காற்று மெத்தை, பிசியோதெரபி, உதவியாளர் சம்பளம் என்று பட்டியல் நீண்டது. மொத்தமாக ஒரு தொகை கொடுத்துக் கைகழுவத்தான் நான் விரும்பினேன். மருத்துவச் செலவு ஏறிக்கொண்டே போகும், மாதத் தொகையாக இருந்தால் நிலைமை மாறும்போது இருவரில் யாரும் நீதிமன்றத்தில் மாற்றிக் கேட்கலாம் என்று அவர் சொன்ன பிறகு மனம் மாறினேன்.

சொத்து விஷயத்தில்தான் இவருடைய அனுபவம் தெரிந்தது. திருமணத்துக்குப் பின் வாங்கியது பாதிக்குப் பாதி என்று நம் சட்டம் சொல்வதில்லை. பத்திரத்தில் யார் பெயரோ அவருக்குத்தான் உரிமை. எங்கள் வீடு இருவர் பெயரிலும் இருக்கிறது, கடன் தவணையை நான் கட்டுகிறேன், வாசலில் சாய்தளம் வைத்துக் கட்டியதோ கணவருக்காக. விற்றுப் பிரித்தால் அப்படியொரு வீடு அவருக்கு வாடகைக்குக் கிடைக்காது என்பதால், என் பங்கை அவருக்கே விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்து, மீதித் தவணையையும் நானே கட்டுவதாக ஒப்பந்தத்தில் சேர்த்தோம். வங்கியின் சம்மதக் கடிதம் வாங்கச் சொன்னதும், குடும்ப உறுப்பினர்களுக்கான முத்திரைத் தீர்வைச் சலுகை போய்விடாமலிருக்கத் தீர்ப்பு வருமுன்பே பதிவு செய்யச் சொன்னதும் இவர்தான்.

இரண்டு தரப்புக்கும் தானே நிற்க அவர் மறுத்துவிட்டார். மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு என்று 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தைக் காட்டி, 15100 என்ற சட்ட உதவித் தொலைபேசி எண்ணை என் கணவருக்குக் கொடுக்கச் சொன்னார். அங்கிருந்து வந்த வழக்கறிஞர் மாதத் தொகையை நான் நினைத்ததைவிட 3,000 ரூபாய் கூட்டித்தான் ஒப்புக்கொண்டார்; அதில் எனக்கு வருத்தமில்லை.

குறைகளும் உண்டு. தட்டச்சுக்கும் நோட்டரிக்கும் தனித்தனியே பணம் கேட்டார்கள், ரசீது தரவில்லை. பெரிய குறை அந்த மாடிப்படி. மின்தூக்கி இல்லாததால் கூட்டு மனுவில் கையெழுத்துப் போட வந்த என் கணவர் காரிலேயே உட்கார்ந்திருக்க, ஜூனியர் பெண் தாள்களை ஒரு பரீட்சை அட்டையில் செருகி எடுத்து வந்து கதவு வழியே நீட்டினார். ஜெராக்ஸ் கடையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஊனமுற்றோர் வழக்குகளை இவ்வளவு நுணுக்கமாக நடத்துகிறவர் தரைத்தளத்தில் ஓர் அறை பிடித்திருக்கலாம். முன்கூட்டியே கேட்டால் வீட்டுக்கே வந்து கையெழுத்து வாங்குவார்களாம். அதை எங்களிடம் சொன்னது கையெழுத்தெல்லாம் முடிந்த பிறகுதான்.