பிளஸ் டூவுக்குப் பிறகு: நேரே சி.ஏ.வா, பி.காம். சேர்ந்து சி.எம்.ஏ.வா?

காமர்ஸ் குரூப் முடித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்தக் கேள்வி தவறாமல் வரும். சி.ஏ.வின் முதல் கட்டத் தேர்வான ஃபவுண்டேஷன் எழுதி ஆடிட்டருக்குப் படிப்பதா, நல்ல கல்லூரியில் பி.காம். சேர்ந்து கூடவே சி.எம்.ஏ. படிப்பதா? (சி.எம்.ஏ. என்பது செலவுக் கணக்கியல் படிப்பு, பெரியவர்களுக்கு அது இன்னும் ஐ.சி.டபிள்யூ.ஏ.தான்.) நான் சி.ஏ. வழியில் வந்தவன். என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். கம்பெனிகளின் சட்டப்படியான தணிக்கையிலும் வருமான வரித் தணிக்கையிலும் கையெழுத்துப் போடும் உரிமை சி.ஏ.வுக்கு மட்டுமே. சி.எம்.ஏ.வுக்குரியது செலவுத் தணிக்கை, அதுவும் குறிப்பிட்ட தொழில்களில் வரம்பைத் தாண்டிய கம்பெனிகளுக்கு மட்டும். பொதுத்துறை நிறுவனங்களின் நிதிப் பிரிவு வேலைக்குப் பெரும்பாலும் இருவரையும் சேர்த்தே கூப்பிடுகிறார்கள். இரண்டாம் கட்டத் தேர்வான இன்டரில் சி.ஏ.வுக்கு 6 பேப்பர் (மும்மூன்றாக இரண்டு குரூப்), சி.எம்.ஏ.வுக்கு 8. பேப்பருக்கு 40, மொத்தத்தில் 50 சதவீதம் என்ற தேர்ச்சி விதி இரண்டுக்கும் பொது.

உண்மையில் முடிவெடுக்க வேண்டிய இடம் ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது சி.ஏ. மாணவர் ஓர் ஆடிட்டரிடம் செய்ய வேண்டிய கட்டாயப் பயிற்சி. 2023இல் வந்த புதிய திட்டத்தில் அது 3 ஆண்டிலிருந்து 2 ஆண்டாகக் குறைந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முன்பு இன்டரில் ஒரு குரூப் தேறினாலே சேரலாம், இப்போது இரண்டும் தேற வேண்டும். இரண்டு ஆண்டு முடிந்தபின் ஆறு மாதம் படிப்புக்கென்று கழிந்த பிறகே ஃபைனல் எழுத முடியும். வாரம் 35 மணி நேரம் அலுவலகத்தில் இருக்க வேண்டும். பகல் கல்லூரிக்கு இதில் இடமே இல்லை.

2026 மார்ச்சில் பிளஸ் டூ எழுதியவரை வைத்துக் கணக்குப் போடுவோம். பரீட்சை மாதத்துக்கு நான்கு மாதம் முன்பே ஃபவுண்டேஷனுக்குப் பதிவு செய்திருக்க வேண்டும், அதாவது செப்டம்பருக்கு மே 1. பிளஸ் டூ ரிசல்ட் வரும் முன்பே பதியலாம். ரிசல்ட்டுக்குக் காத்திருந்தால் அடுத்த ஜனவரிதான். செப்டம்பரில் தேறினால், இன்டருக்கு எட்டு மாதம் வேண்டும் என்பதால் 2027 செப்டம்பர். அதுவும் தேறினால் அந்த ஆண்டுக் கடைசியில் ஆர்ட்டிகிள்ஷிப், 2030 நடுவில் ஃபைனல் எழுதும் தகுதி வரும்.

பகல் கல்லூரியில் இருந்தால் அந்த நேரத்தில் அவர் இரண்டாம் ஆண்டு மாணவர். 2029 ஏப்ரலில் டிகிரி முடியும்வரை ஆர்ட்டிகிள்ஷிப் காத்திருக்க வேண்டும், ஃபைனல் 2031 கடைசிக்கோ அதற்கு அப்பாலோ போய்விடும். ஃபவுண்டேஷனே எழுதாமல், பி.காம்.மில் 55 சதவீதம் வாங்கி நேரே இன்டருக்கு வருபவர்கூடக் கடைசி ஆண்டிலேயே பதிந்துவிட்டால் 2032 நடுவில் ஃபைனலுக்கு வந்துவிடுவார். ஃபவுண்டேஷனையும் பகல் கல்லூரியையும் சேர்த்துச் சுமப்பதில் மிஞ்சுவது சுமார் அரை ஆண்டுதான். அதனால் ஃபவுண்டேஷன் என்று முடிவெடுத்தால் மாலைக் கல்லூரியோ தொலைநிலைக் கல்வியோ என்பதையும் அன்றே முடிவு செய்துவிடுங்கள். என் ஓட்டு மாலைக் கல்லூரிக்கு. சி.ஏ. இழுத்துக்கொண்டே போனால் கையில் இருக்கும் டிகிரிதான் காப்பாற்றும், அப்போது தொலைநிலை டிகிரிக்கு மவுசு குறைவு.

சி.எம்.ஏ.வில் இந்த இழுபறி இல்லை. தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும். செமஸ்டர் முடிந்து சில வாரம் கையில் கிடைக்கும். 15 மாதப் பயிற்சியை டிகிரிக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம், தொழிற்சாலையிலும் செய்யலாம். ஓசூர், கோவைப் பக்கம் உற்பத்திக் கம்பெனி வேலைதான் குறி என்றால் இதுவே நேர்வழி. சி.எம்.ஏ. முடித்துத் தனியாக ஆபீஸ் போடுவது எப்படி என்பதில் என் அனுபவம் குறைவு, அதில் அடித்துச் சொல்ல மாட்டேன்.

சி.ஏ.வில் பிள்ளைகள் வழுக்கும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். ஃபவுண்டேஷனில் கணிதமும் பொருளாதாரமும் கொள்குறி வகை, தவறான விடைக்குக் கால் மார்க் போகும். தமிழ்வழியில் படித்தவர்களைக் கவிழ்ப்பது பெரும்பாலும் சட்டப் பேப்பர்தான், ஆங்கிலத்தில் எழுத வேண்டும். சட்டம் சொல்வது, இந்த வழக்கில் நடந்தது, ஆகவே முடிவு என்று மூன்று பத்தியாக எழுதிப் பழகினால் தப்பிக்கலாம். இன்டரில் 62, 41, 44 வாங்கினால் மொத்தம் 147, மூன்று மார்க்கில் குரூப் போய்விடும். 60 அல்லது அதற்கு மேல் வாங்கிய பேப்பருக்கு அடுத்த மூன்று அட்டெம்ப்ட் விலக்கு உண்டு, அது ஆறுதல். இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதினால் ஒன்றில் கூடியது மற்றதின் குறையை ஈடுகட்டும். ஆர்ட்டிகிள்ஷிப் தொடங்கவே இரண்டும் வேண்டும் என்பதால் சேர்த்து எழுதுவதே சரி.

ஆர்ட்டிகிள்ஷிப் உதவித்தொகையை நம்பி வெளியூரில் தங்க முடியாது, ஹாஸ்டல் செலவுக்கே போதாது. ஆபீஸைத் தேர்வு செய்யும்போது கேட்க வேண்டியது தொகையை அல்ல, என்ன வேலை தருவார்கள் என்பதைத்தான். ஜி.எஸ்.டி. ரிட்டர்னும் டேலி என்ட்ரியும் மட்டுமே உள்ள இடத்தில் மாதாமாதம் ரிட்டர்ன் போடும் கடைசி நாளான 11ஆம் தேதி, 20ஆம் தேதி என்றே இரண்டு வருடமும் ஓடிவிடும். கம்பெனித் தணிக்கை உண்டா, ஏப்ரலில் வங்கிக் கிளைத் தணிக்கைக்குக் கூட்டிப்போவார்களா என்று கேளுங்கள். கடன் கோப்பைப் பிரித்து, கடன் வாங்கியவர் தரும் சரக்கிருப்புக் கணக்கை (ஸ்டாக் ஸ்டேட்மென்ட்) வைத்து எவ்வளவுவரை பணம் எடுக்க விடலாம் என்று ஒருமுறை நீங்களே கணக்கிட்டுப் பார்த்தால் ஃபைனலின் தணிக்கைப் பேப்பர் பாதி புரிந்துவிடும். சேர்ந்ததும் பயிற்சி ஒப்பந்தத்துக்கும் அதன் பதிவுக்குமான படிவம் 102, 103 இரண்டையும் 30 நாளுக்குள் பதிய வைத்துவிடுங்கள். ஆபீஸில் பார்த்துக்கொள்வார்கள் என்று விட வேண்டாம்.